புது வண்டியிடம் ஓர் உத்தரவு

கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் செந்தில்நாதன் வெறுங்காலோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். புதுக் காருக்குள் செருப்புக் காலை வைப்பதாவது என்று வாசலில் கழற்றிவிட்டு ஏறியவர், கழற்றியதை மறந்து அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இறங்கி, சிமெண்ட் தரை சுட்டபோதுதான் விஷயம் உறைத்தது. ஷிப்ட் சூப்பர்வைசரான அவர், அன்று முழுக்க யாரிடமோ இரவல் வாங்கிய ரப்பர் செருப்பில் உலா வந்தார்.

மேட்டகள்ளி வீட்டு வாசலில் ஜோடியாகக் கிடந்த செருப்பைப் பார்த்து மகேஸ்வரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. சீட்டில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. கால் வைக்கும் இடத்தில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. இந்த மனுஷன் காருக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியைக் கட்டினவளுக்குக் கொடுத்திருந்தால் அவள் எப்போதோ மகாராணியாகியிருப்பாள்.

இத்தனைக்கும் கார் அவள் பெயரில்தான் இருந்தது. செந்தில்நாதனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அவர் பெயரில் வண்டி வாகனம் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கார் வாங்குவதற்கு முன்னால் கணவர் பேச்செல்லாம் தேனாக இருந்தது. "நீ லைசென்ஸ் எடு மகேசு. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து வேடிக்க பாத்துட்டு வர்றேன்" என்றார். அவளும் அதை நம்பி, பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்த கையோடு பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அங்கே இருந்தது, கதவைச் சாத்தினால் கண்ணாடி தானாக இறங்கிவிடும் ஓர் ஓட்டைக் கார். அதில் கழுத்து வலிக்கக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். புது வண்டி வந்ததும் தேன் வற்றிப்போனது. வண்டி கொஞ்சம் செட் ஆகட்டும் என்றார். முதல் சர்வீஸ் முடியட்டும் என்றார். கடைசியில், ஒரு கைக்குப் பழகின வண்டி இன்னொரு கைக்குப் போனால் மைலேஜ் கொடுக்காது என்று புதிதாக ஒரு சட்டமே போட்டார்.

அவள் அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கௌதள்ளியில் தங்கை அஞ்சலை வீட்டுப் புதுமனை புகுவிழா. "எங்கக்கா அவளே கார ஓட்டிக்கிட்டு வரப்போறா" என்று அஞ்சலை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மகேஸ்வரி கல்யாணமாகி அந்த ஊரைவிட்டு வந்தது பஸ்ஸில், ஜன்னலோரம் அழுதுகொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும். அதற்கப்புறம் ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அவளைக் 'கூட்டிக்கொண்டு' போனார்கள், 'கொண்டுவந்து விட்டார்கள்'. ஒரே ஒரு தடவை யாரும் கொண்டுவந்து விடாமல், தானே ஓட்டிக்கொண்டு போய்த் தங்கை வாசலில் இறங்க வேண்டும். வேறு நகை நட்டு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

செந்தில்நாதனோ வண்டியைப் பற்றிக் கரைத்துக் குடித்தவர்போல நடந்துகொண்டார். யூடியூபில் பார்த்த வீடியோக்களை எல்லாம் மாலையில் காரைத் துடைத்துக்கொண்டே அவளுக்குப் பாடமாக எடுப்பார். "இந்தக் கேமரா இருக்கு பாரு, இது வந்தப்புறம் ரிவர்ஸ் எடுக்கறது கொழந்த வேல. கழுத்த ஒடிச்சுப் பின்னாடி பாக்கறதெல்லாம் அந்தக் காலம்." காரோடு வந்த கையேட்டுக்குக் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் ஏற்றியிருந்தார். அதை அவர் பிரித்துப் பார்த்ததாகச் சாமிகூடச் சாட்சி சொல்லாது.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று மகேஸ்வரியின் கைக்குள் இருந்தது. கார் எடுக்கப் போன அன்று, அவர் ராட்சத அட்டைச் சாவியைக் கட்டிப்பிடித்துப் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ஷோரூமில் வேலை பார்க்கும் ஸ்வாதி அப்போது மகேஸ்வரியை ஓரமாக உட்காரவைத்தாள். "வண்டி உங்க பேர்ல இருக்கறதால ஆப்பும் உங்க போன்லதான் மேடம் வரும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் அமுக்கிக் காட்டினாள். காரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி, போனில் இங்கே அமுக்கினால் அங்கே ஹாரன் அடிக்கும், அங்கே விளக்கு மினுக்கும், அங்கே ஏசி ஓடும். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மகேஸ்வரி இருந்தாள். செட் ஆகட்டும் என்ற பேச்சு ஆரம்பித்ததும், சொல்லாமலே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மஞ்சள் துணியால் பானெட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம நான் ஓட்டறேனே?"

"வேணாம். ஹனூருக்கு அப்பறம் ரோடு சரியில்ல."

துப்பட்டாவுக்குள் மறைத்த போனில் அவள் விரல் நகர்ந்தது. கார் பாம்... பாம்... என்று அலறியது. செந்தில்நாதன் துணியைப் போட்டுவிட்டு எம்பிக் குதித்தார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது, காருக்குள் ஆள் கிடையாது. "ஐயோ, என்னங்க ஆச்சு?" என்று அவரைவிட அதிகமாகப் பதறியவள் மகேஸ்வரி.

மறுநாள் "பொம்பளைங்க கைல வண்டி..." என்று அவர் வாயெடுத்தபோது, பூட்டிய காருக்குள் ஏசி உஸ்ஸென்று ஓட ஆரம்பித்தது. கூடவே ஹாரனும் அலற, சத்தம் கேட்டு எதிர்வீட்டு மல்லம்மா வெளியே வந்தாள். "யாக்கண்ணா, காரு சும்னே கூகுத்தே?" என்று கன்னடத்தில் கேட்டாள். கார் ஏன் சும்மா சும்மா கத்துகிறது என்று தெருவே கேட்கத் தொடங்கிவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. காருக்குள் ஏதோ புகுந்திருக்கிறது, முதலில் சாமியிடம் பூ கேளுங்கள் என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனாள்.

செந்தில்நாதனுக்குச் சொந்த ஊர் ராமாபுரம். அந்தப் பக்கத்தில் போர் போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் சாமி தலையில் பூ வைத்துக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. வலப்பக்கம் பூ விழுந்தால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். மகேஸ்வரி மெல்ல எடுத்துக் கொடுத்தாள்: "வண்டிக்கு உசுரு இருக்குன்னு நீங்கதான சொல்லுவீங்க? அதுகிட்டயே கேட்டுப் பாருங்க."

புதன்கிழமை காலை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு தொழிற்சாலையில் நூறு பேரை விரட்டுகிற மனுஷன் காருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கைகூப்பி நின்றார். "மகேசு ஓட்டலாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தவள் அமுக்கினாள். கார் கம்பீரமாக ஹாரன் அடித்தது.

அவள் வெற்றிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் முகமோ மலர்ந்திருந்தது.

"கேட்டியா? வண்டிக்குக் கோவம். உன் பேரச் சொன்னதும் எப்படிக் கத்துது பாரு!"

"கோவமா? சரின்னு சொல்லுதுங்க!"

"ஹாரன் எதுக்கு அடிப்பாங்க? தள்ளிப் போன்னு சொல்றதுக்குத்தான்."

அந்த மூன்று நாள் உழைப்பும் வீணாய்ப் போனதில் மகேஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில் போனையே தூக்கி அடித்திருப்பாள். அன்று இரவு சாப்பிடும்போது அவராகவே இறங்கி வந்தார். "இப்படிக் கேக்கறது மொறையில்ல. ஞாயித்துக்கெழம போற வழில எங்க கொலதெய்வக் கோயில்ல பூச போட்டுட்டு, அங்க வெச்சுக் கேப்போம். வெளக்கு மினுக்கினா நீ ஓட்டு. சும்மா நின்னா நான் ஓட்டறேன். அதுக்கப்பறம் பேச்சு இருக்கக் கூடாது."

விளக்குக்குத் தனிப் பொத்தானே இருக்கிறதே! மகேஸ்வரி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டு, சரிங்க என்றாள். இவ்வளவு சுலபமாக வழிக்கு வருகிற ஆள் இல்லையே இவர் என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். அவர் ஓட்ட, அவள் முழுச் சார்ஜ் ஏற்றிய போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நரசீபுரம், கொள்ளேகால், ஹனூர் எல்லாம் தாண்டி, ராமாபுரத்துக்கு முன்னாலேயே அவர் காரை ஒரு மண்பாதையில் திருப்பினார். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கல் அடுக்கிய வேலி. நடுவில் ஒரு கார் போவதற்கு மட்டும் வழி. அது போய் முடிந்த இடத்தில், குன்றின் அடிவாரத்தில் சின்ன மாரியம்மன் கோயில். காரின் மூக்கைக் கோயில் சுவருக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

பூசாரி தொட்டையன் தாராளமான மனுஷர். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார், மாலை போட்டார், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். செந்தில்நாதனும் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தன் பங்குக்குக் காரைச் சுற்றி வந்து பொட்டு வைத்தார். பின்பக்கக் கேமராவைக் கண்டதும் உருகிப்போய், "இதுதானே வண்டிக்குக் கண்ணு" என்று அதற்குக் கட்டை விரலால் அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். "பொழுது எறங்கற மட்டும் யாரும் சந்தனத்தத் தொடப்படாதுங்க. அம்மனுக்கு ஆகாது" என்று தொட்டையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கற்பூரம் எரிந்தது. "தாயே, மகேசு ஓட்டலாமுன்னா வெளக்கக் காட்டு" என்றார் செந்தில்நாதன்.

மகேஸ்வரி அமுக்கினாள். போனில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினாள். படம் எடுக்கிறவள்போலக் கையை உயர்த்திப் பார்த்தாள், நாலடி தள்ளிப்போய்ப் பார்த்தாள். டவர் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. கார், தான் பாட்டுக்கு மாலையும் கழுத்துமாக நின்றது.

நிமிர்ந்து பார்த்தால், கைகட்டி நிற்கிற கணவருடைய மீசை துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதங்கெழம ஷோரூமுக்குப் போன் பண்ணி, வண்டில கோளாறுன்னு சண்ட போட்டேன். அந்த ஸ்வாதி பொண்ணு, 'கோளாறு இல்ல சார், மேடம் அமுக்கறாங்க'ன்னுச்சு." அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்தக் குன்றுக்கு இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி டவரும் எடுக்காது. ஆச்சு விடு, ஏறு."

மகேஸ்வரிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அஞ்சலை தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாளே என்பதுதான் சுட்டது. "வண்டி வந்ததுலேருந்து வாயால கேட்டேன், நீங்க தரல. அதனாலதான் ஹாரன் அடிச்சேன்" என்றாள். அவர் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அவளோ ஏறாமல் வேலியோரமாகவே நின்றாள்.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னே போக வழியில்லை, சுவர் இருந்தது. பின்னால்தான் எடுக்க வேண்டும். அவர் ரிவர்ஸ் கியர் போட்டார். திரை முழுக்க மஞ்சளாக மட்டுமே தெரிந்தது. பின்னால் கட்டிய வாழைக்கன்றைச் சுவர் என்று நினைத்துக்கொண்ட கார், பீப் பீப் என்று விடாமல் கத்தியது. அவர் ஒரு முழம் பின்னால் எடுத்தார். சக்கரம் வாய்க்காலைப் பார்த்துச் சரியவும், பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவரைத் தொட்டையன் ஒரு பார்வை பார்த்தார். ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடியை இறக்கி, "மகேசு, பின்னாடி நின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றார்.

"எனக்கு இங்க டவர் எடுக்கலீங்களே."

தொட்டையனுக்குச் சிரிப்பில் மணியே கை நழுவியது. காருக்குள் இருந்த பீப் சத்தம் மட்டும் ஓயவில்லை. செந்தில்நாதன் வாய்க்காலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்து ஊற்றியது.

"நீ... எடுக்கறியா?"

"சரியாக் கேளுங்க."

"மகேசு, எனக்குக் கேமரா இல்லாம ரிவர்ஸ் வராது. எப்பவுமே வந்ததில்ல. அது உனக்குத் தெரிஞ்சுடுமேன்னுதான் இத்தன நாளா..." அவர் இறங்கி, சாவியை அவள் கையில் வைத்தார். "நீயே எடும்மா."

இதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு ஒரு குலதெய்வமும் ஒரு கிண்ணம் சந்தனமும் தேவைப்பட்டிருக்கிறது! மகேஸ்வரி ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கையைப் பக்கத்துச் சீட்டின் தோளில் போட்டாள், அந்த ஓட்டைக் கார் சொல்லிக்கொடுத்தபடி கழுத்தை முழுசாகத் திருப்பி வழியைப் பார்த்தாள். ஒரு முழம் முன்னால் போய் வண்டியை நேராக்கியபோது எலுமிச்சை சத் சத்தென்று நசுங்கியது. வாய்க்காலையும் தொடாமல் வேலியையும் உரசாமல் கார் பெரிய ரோட்டுக்கு வந்து நின்றது. பின்னாலேயே ஓடி வந்த செந்தில்நாதன் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்தார். அது பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினார். கௌதள்ளி வரும் வரைக்கும் மாடு, குழி, மேடு என்று ஒவ்வொன்றையும் அவர் முன்கூட்டி அறிவித்துக்கொண்டே வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள்.

அஞ்சலை வீட்டுத் தெருவில் கார் நுழைந்தபோது பந்தலுக்குள் இருந்த கூட்டம் வெளியே வந்துவிட்டது. "பாத்தீங்களா, எங்கக்கா!" என்று அஞ்சலை கத்தியது தெருமுனைவரைக்கும் கேட்டது. மகேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்காமல் காரை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தினாள்.

பெருமையாகத் தலையைத் தடவிக்கொண்டு செந்தில்நாதன் இறங்கினார். அவர் இறங்கிய இடத்தில் அஞ்சலை ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டில் சித்தியும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக் கமலம்மாளும், பிளாஸ்டிக் உறை படபடக்க, செருப்புக் காலோடு நெருக்கி ஏறினார்கள்.

"அக்கா, ஏரிவரைக்கும் ஒரு ரவுண்டு!"

"அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று செந்தில்நாதன் ஜன்னலில் குனிந்தார்.

"பந்தி போட்டாச்சு, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மகேஸ்வரி முதல் கியரைப் போட்டாள்.