முதலாளி சீட்டுதான் பெரிசு

காஞ்சிபுரத்தில் போக்கர் ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அதனால் ஊரிலேயே பெரிய ஆட்டக்காரன் தான்தான் என்று அருள் சொல்லிக்கொண்டபோது மறுத்துப் பேசவும் ஆளில்லை.

அருளுக்குப் பட்டுப் புடவைக் கடை. பக்கத்துக் கூரம் கிராமத்தில் ரோட்டோரமாக இருந்த நிலத்தை விற்று அப்பா துரைக்கண்ணு வைத்துக்கொடுத்தது. கடையின் மாடியில் வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை உண்டு. மற்ற நாட்களில் அதில் புடவை விரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சீட்டு விரிப்பார்கள். ஆடுகிறவர்கள் மூன்றே பேர்: முதலாளி அருள், கடைக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் பாச்சா, கடையின் பட்டு நூலுக்குச் சாயம் போடும் சிட்டிபாபு. இந்த மூன்று பேரில் யார் ஜெயிப்பார் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அருளுக்கு மட்டும் பல வருடமாகியும் அது உறைக்கவில்லை.

ஆட்டம் நடக்கும் விதம் இதுதான். அருள், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் பிளாஸ்டிக் சில்லுகளில் ஒரு குவியலை நடுவில் தள்ளுவார். சிட்டிபாபு தன் சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பார், மோவாயைச் சொறிவார், பெருமூச்சு விடுவார். பிறகு சீட்டைக் குப்புறப் போட்டுவிட்டு, "முதலாளி சீட்டுதான் பெரிசு" என்பார். குப்புறப் போட்ட சீட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதில் இரண்டு ராஜா இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கட்டோடு கட்டாகக் கலந்துவிடும். பாச்சா இன்னும் நாசூக்கு. முதலில் கொஞ்சம் எதிர்த்து ஆடிவிட்டு, கடைசியில் பயந்த மாதிரி விலகுவார். வேலை கொடுக்கிறவரிடம் தோற்பது இவர்களுக்குக் கும்பிடு போடுவது மாதிரி, யோசிக்காமலே வரும்.

இப்படி ஊட்டி வளர்த்தால் ஒரு மனிதன் என்ன ஆவான்? அருள் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். மாடியில் விளக்குப் போட்டுக்கொண்டு ஆடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற இருவருக்கும் பாடமே நடத்தினார்.

"சீட்டு நல்லா இல்லன்னா நீ மோவாயைச் சொறிவ, சிட்டி. நீ சொறியும்போதே எனுக்குத் தெரிஞ்சிடும். இதெல்லாம் பொறப்புல வரணும்பா."

"ஆமா முதலாளி, எனுக்கே தெரியாம செஞ்சுக்கினு இருக்கேன் பாருங்க" என்று சிட்டிபாபு வியந்தார். அந்தச் சமயம் அவர் கையில் இருந்தவை இரண்டு ஏஸ், கட்டிலேயே பெரிய சீட்டு.

போனில் பணம் வைத்து ஆடுவதற்கு அரசாங்கம் தடை போட்டபோது அருள் துடித்துப்போனார். அதில் அவர் ஜெயித்ததே இல்லை என்பது வேறு விஷயம். அதெல்லாம் கம்ப்யூட்டர் செய்த தில்லுமுல்லு என்று எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். நேருக்கு நேர் உட்கார்ந்தால் தன்னை அசைக்க ஆள் கிடையாது. கோவாவில் ஆற்றில் நிறுத்தி வைத்த கப்பலில் போட்டி நடக்கிறது, மூன்று பேரும் போகிறோம், செலவு தன்னுடையது என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"பரிசு வாங்கினேன்னு வெச்சுக்க, கடையைக் கலைவாணன்கிட்ட குடுத்துடப் போறேன். இனிமே முழுநேரமும் ஆட்டம்தான். ரேவதியும் சரின்னுட்டா."

கலைவாணன் அருளின் மனைவி ரேவதிக்குத் தம்பி. கடை தம்பி கைக்குப் போகிறது என்றால் ரேவதி சரி சொல்லாமல் என்ன செய்வாள்? கணவரின் வெற்றிக்காக வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலில் விளக்கும் ஏற்றிவிட்டு வந்தாள்.

சிட்டிபாபுவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஐயம்பேட்டையில் இருக்கும் அவருடைய சாயப் பட்டறை அருள் கடை நூலை மட்டுமே நம்பி ஓடுகிறது. வேறு கடைக்கு எடுக்கக் கூடாது என்பது அருள் போட்ட நிபந்தனை. கலைவாணனோ, கடை கைக்கு வந்த மறுநாளே நூலையெல்லாம் சேலத்துக்கு அனுப்பிவிடுவேன், அங்கே சாயம் மலிவு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சிட்டிபாபுவின் மகள் தீபிகா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

சென்னை விமான நிலையத்தில் அருள் காபி வாங்கப் போன இடைவெளியில் பாச்சா குனிந்து பேசினார்.

"இந்தத் தடவை அவர் தோத்தே ஆகணும், சிட்டி. கலைவாணன் வந்தா அவன் மச்சினன் ஒருத்தன் ஆடிட்டரா இருக்கான். என் கதையும் முடிஞ்சது. வரதர் சந்நிதியில அவர் பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை பண்ணிட்டு வந்துட்டேன்."

"இன்னா சாமி வேண்டிக்கினீங்க?"

"சேமமா திரும்பி வரணும்னு. வெறுங்கையோடன்னு சேர்த்துச் சொன்னேன்."

"நாமதான் அவரை இப்டி ஆக்கினோம்."

"அது கெடக்கட்டும். அங்க இருக்கறவா யாரும் நம்ம மாதிரி இல்லே. சீக்கிரமே சாச்சுடுவா. நம்ம கையால நடக்க வேண்டாம், அவ்வளவுதான்."

கப்பலில் பகல் இரண்டு மணிக்குப் போட்டி தொடங்கியது. பாச்சா எதையும் பணயம் வைக்க மறுத்து, இலவசச் சாப்பாட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டார். வெங்காயம், பூண்டு இல்லாத பதார்த்தத்தைத் தேடுவதிலேயே அவருடைய கோவா கழிந்தது. அருள் செலவில் சிட்டிபாபுவும் போட்டியில் சேர்க்கப்பட்டிருந்தார். யார் எந்த மேஜை என்று குலுக்கிப் போட்டார்கள். வரதர் வேறு வேலையாக இருந்தார் போலிருக்கிறது. அருளும் சிட்டிபாபுவும் ஒரே மேஜையில் எதிரெதிரே விழுந்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் அருளுக்குச் சீட்டு அள்ளிக் கொடுத்தது. என்ன செய்தாலும் பலித்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஓசூர்க்காரர் ஜான்சனுக்கு ஆட்டத்தின் நுணுக்கங்களை விளக்க ஆரம்பித்தார். ஜான்சன் இந்தத் தொழிலையே பல வருடமாகச் செய்கிறவர். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அருள் முன்னால் சில்லுகள் ஏறிக்கொண்டே போக, சிட்டிபாபுவுக்குச் சேலம் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் கை வந்தது. சிட்டிபாபுவுக்கு இரண்டு ஒன்பது. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டில் ஒரு ஏஸ், ஒரு ஒன்பது, ஒரு நாலு. ஆக, அவரிடம் மூன்று ஒன்பது; எந்த ஜோடியையும் அடித்துவிடும். அருள் தன்னிடமிருந்த ஏஸை நடுவிலிருந்த ஏஸோடு சேர்த்து உலகமே தன் கையில் என்று நினைத்துக்கொண்டார். மேஜையைக் கையால் தட்டி, சில்லுகள் அத்தனையையும் முன்னால் தள்ளினார்.

"ஆல்-இன்."

எல்லாரும் விலகிவிட்டார்கள். சிட்டிபாபு மட்டும் பாக்கி. ஓசையில்லாமல் அவரிடம் சேர்ந்திருந்த சில்லுகள் அருளுடையதைவிட ஒரு பிடி அதிகம். ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி வெளியே, கடை பிழைக்கும், பட்டறை பிழைக்கும். அந்த வார்த்தையைச் சொல்லவும் செய்தார். சீட்டு போடும் கோவாப் பெண் இரண்டு தடவை கேட்டபிறகு, "கால்" என்று, அதாவது பந்தயத்துக்குச் சம்மதம் என்று சொல்லித் தன் சில்லுகளைத் தள்ளினார்.

அருள் எழுந்து நின்று ஏஸையும் ராஜாவையும் படீரென்று திருப்பிப் போட்டார்.

"பார்த்துக்கினியா சிட்டி?"

பல வருடத்துப் பழக்கம் லேசில் போகுமா? முதலாளி சிரித்ததைப் பார்த்ததும் சிட்டிபாபுவின் கை தானாகவே இரண்டு ஒன்பதையும் குப்புற வைத்து அந்தப் பெண்ணிடம் நகர்த்தியது. வாய் தானாகவே, "முதலாளி சீட்டுதான் பெரிசு" என்றது.

அந்தப் பெண் ஒரு விரலால் சீட்டை அமுக்கிப் பிடித்தாள். ஆல்-இன் என்று ஆகிவிட்டால் இரண்டு பேர் சீட்டையும் காட்டியே ஆக வேண்டும், இது விதி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இரண்டையும் திருப்பி வைத்தாள். நடுவில் விரிக்க வேண்டிய மீதி இரண்டு சீட்டும் விழுந்தன. அருளுக்கு அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்று ஒன்பது ஜெயித்தது, முதலாளி போட்டிக்கு வெளியே.

மேஜையில் சிரிப்பு எழும்பியது. ஜான்சன் மட்டும் சிரிக்காமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார். "மூணு ஒன்பதை எதுக்கு சார் குப்புறப் போடறாரு? உங்க ஊர்ல இப்படித்தான் ஆடுவீங்களா?"

அருள் கண்ணாடியைக் கழற்றினார். சிட்டிபாபுவின் முகத்தை முதல்தடவையாக நல்ல வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

சிட்டிபாபு அடுத்த சில கைகளிலேயே எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு மேல்தளத்துக்கு ஓடினார். அருள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாச்சா கையில் தயிர்சாதத் தட்டோடு அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிட்டிக்குக் கண்ணு சரியா தெரியலை அருள். ஒன்பதை ஆறுன்னு நெனச்சிருப்பான்."

"நீங்க சும்மா இருங்க சாமி" என்றார் அருள். "சிட்டி, ஞாயித்துக்கெழமையும் இப்டித்தானா?"

சிட்டிபாபு ஆற்றைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் இல்லை.

"ஆமா முதலாளி."

"எல்லா வாரமுமா?"

"உடம்பு சரியில்லாம வராத வாரம் தவுர."

அருளின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல அடி. பார்க்கவே பாவமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். "சரி, நான் வரைஞ்ச மயில் பார்டர்?" என்று கேட்டார். போன தீபாவளிக்கு அவரே உட்கார்ந்து வரைந்த பார்டர் அது. இரண்டு பேரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். அந்தப் புடவைகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

"வாத்து மாதிரி இருந்துச்சு முதலாளி" என்றார் சிட்டிபாபு. ஒருதடவை வாயைத் திறந்தபின் அடைக்க முடியவில்லை. பாச்சா தயிர்சாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அருள் அழுதுவிடுவார் என்று தோன்றியது. ஆனால் அவர் சிட்டிபாபுவின் தோளில் கை போட்டார்.

"இத்தினி வருசத்துல எங்கிட்ட உண்மை பேசினவன் நீ ஒருத்தன்தான்பா. கடையை யாருக்கும் குடுக்கல. நானே பாத்துக்கறேன். இனிமே நீ எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. ஆட்டத்துலயும் சரி, தொழில்லயும் சரி. ஜெயிக்கிற சீட்டு வந்தா ஜெயிக்கணும். இது என் உத்தரவு."

சிட்டிபாபுவுக்கும் கண் கலங்கிவிட்டது. கடை பிழைத்தது, பட்டறை பிழைத்தது, இத்தனை வருடத்துப் பாரமும் இறங்கியது. அன்று விமானத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் உண்மையான ஆட்டம் நடந்தது. முதல் கையை சிட்டிபாபு ஜெயித்தார். "இதான்பா ஆட்டம்" என்று அருள் முதுகில் தட்டினார். இரண்டாவதையும் ஜெயித்தார். அருள் சிரித்தார். அதற்கப்புறம் சிட்டிபாபு ஜெயித்துக்கொண்டே இருந்தார். அருள் சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று அவர் கவனிக்கவில்லை. பாச்சா கவனித்தார். கவனித்து, தன் கையிலிருந்த நல்ல சீட்டையெல்லாம் குப்புறப் போட்டார். ஆடிட்டர்கள் சும்மா ஆடிட்டர்கள் ஆவதில்லை.

திங்கட்கிழமை காலையில் சாயம் போட வழக்கமாக வரும் நூல் ஐயம்பேட்டைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை சிட்டிபாபு கடைக்குப் போனார். அருள் கோபமாக ஒன்றும் பேசவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"சீசன் கொஞ்சம் டல்லா இருக்குது சிட்டி. பார்ப்போம்."

கடையில் முகூர்த்தப் புடவை வாங்க வந்த கூட்டம் செருப்பு வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. சிட்டிபாபு காபியைக் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். பட்டறையில் அடுப்பு அந்த வாரம் முழுக்க எரியவில்லை. வேலையாட்கள் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார் அருள். சிட்டிபாபு போனார். நாலாவது கையில் அருள் சில்லுகள் அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடி போடவில்லை. நடுவிலிருந்த ஒன்றோடு சேர்த்துச் சிட்டிபாபுவிடம் மூன்று ராஜா இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். மோவாயைச் சொறியவில்லை, பெருமூச்சும் விடவில்லை. சீட்டைக் குப்புறப் போட்டார்.

"உங்களுதுதான் முதலாளி."

அருளின் கை அந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்க நீண்டது. சீட்டின் மேல் வந்த கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. திருப்பவில்லை. பக்கத்திலிருந்த சில்லுகளை அள்ளித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"நெஜமா ஆடினாலும் நான்தான் பாத்தியா" என்றார் அருள்.

"ஆமா முதலாளி" என்றார் சிட்டிபாபு.

மறுநாள் காலையில் நூல் வந்தது.