மாப்பிள்ளையின் கையுறை

முதலாளி வீட்டு மாப்பிள்ளை என்றால் கிருமிகூட எழுந்து நின்று வழிவிடும் என்று விஷ்வதேஜாவுக்கு நினைப்பு. ஜட்சர்லா பக்கத்து ஊசிமருந்து ஆலையில் அவன் டைரக்டராக வந்து இறங்கிய நாளிலிருந்து ஹைமவதிக்குத் தலைவலிதான். மருந்து நிரப்பும் அறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று சொல்கிற கிருமிப் பரிசோதனைக்காரி அவள். உள்ளே போகிறவர்கள் சென்ட் பூசக்கூடாது, மோதிரம் போடக்கூடாது. வெள்ளை உடையைத் தரையில் படாமல் அணியப் பழக வேண்டும். கையுறையிலும் நெற்றியிலும் மார்பிலும் அவள் ஒற்றியெடுக்கும் கிருமி வளர்ப்புப் பிளேட்டில் எதுவும் முளைக்காமல் மூன்று தடவை தேற வேண்டும். "எனக்கே டெஸ்டா?" என்று கேட்டவன், போன வாரம் விருந்தாளிகளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டு, உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கையாட்டிவிட்டு வந்தான், மகாராஜன். ஹைமவதி தடுத்துத்தான் பார்த்தாள். யார் கேட்டது?

அன்று இயந்திரக் கைப்பிடியில் ஒற்றிய பிளேட்டில் இப்போது கிருமி முளைத்துவிட்டது. அன்று நிரப்பிய மருந்து மொத்தமும் வெளியே போகாமல் நின்றுபோனது. பழி மட்டும் நிற்காமல் ஓடிப்போய் எல்லய்யா தலையில் விழுந்தது. அன்று இயந்திரம் ஓட்டியவன் அவன்.

"குளிக்காம வர்ற கும்பல்மா இது. இன்னிக்கு சாயங்காலமே அந்த ஆள வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றான் விஷ்வதேஜா, செல்போனிலிருந்து தலை தூக்காமல்.

"இது மனுஷத் தோல்ல இருக்கிற கிருமி இல்ல சார். மண்ணுல, தரையில இருக்கிறது."

"தரையில இருக்கிறது கைப்பிடிக்கு ஏணி வெச்சா ஏறுச்சு?"

"யாரோ கையில ஏத்தி விட்டிருக்காங்க."

"அதான் எல்லய்யா. போங்க."

சீ, இதெல்லாம் ஒரு படிப்பு, இதற்கொரு நாற்காலி என்று மனசுக்குள் காறித் துப்பியபடி வெளியே வந்தாள். கேன்டீனில் எல்லய்யா டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த வாயில்லாப்பூச்சி மேலும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணா?"

"சொன்னா நம்பிடுவாரா மேடம்? கிருமி பரப்பினவன்னு பேர் வாங்கிட்டுப் போனா, இந்த ஊர்ல வாசல் பெருக்கக்கூட எவனும் கூப்பிட மாட்டான்."

அவள் நேரே முதலாளி புருஷோத்தம் ராவிடம் போனாள். அன்று உள்ளே போன இருவரும் அவர் கண்ணெதிரே மறுபடி உடை அணிந்து காட்டட்டும் என்றாள். எதிர்ப்பான் என்று நினைத்த மாப்பிள்ளையோ துள்ளிக் குதித்தான். "இவ்வளவுதானா மாமா? பாருங்க!"

உடை மாற்றும் அறையில் கேமரா கிடையாது. கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எல்லய்யா முதலில் போனான். எப்போதும்போல் அலுங்காமல் அணிந்து காட்டிவிட்டு வந்தான். அடுத்து மாப்பிள்ளை. தலைமூடியைப் போட்டான். உடையைச் சுருட்டிப் பிடித்துக் காலை நுழைத்தான், நுனிகூடத் தரையில் படவில்லை. குறுக்கு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகச் சுத்தமான பக்கம் போட்டான். கண்கவசம், மேல் கையுறை, எல்லாம் கச்சிதம். ஹைமவதி கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிப் போய்ப் பார்த்தாள்.

"நல்லாத்தானேம்மா பண்றான்?" என்றார் ராவ்.

உள்கதவின் முன் போய் நின்ற விஷ்வதேஜா சட்டென்று குனிந்தான். கையுறை விரல்களால் தரையைத் தொட்டு, கண்கவசத்தின் மேலேயே இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, கதவில் கை வைத்தான்.

ஹைமவதி கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். அவன் முகமூடியை இறக்கிவிட்டு வெளியே வந்தான். "என்னம்மா, பாதியில கெடுத்துட்டீங்க?"

"கீழ எதுக்கு சார் தொட்டீங்க?"

"வாசலத் தொட்டுக் கும்பிட்டேன். எந்த நல்ல எடத்துல நுழைஞ்சாலும் நம்ம வழக்கம்தானே? மாமா கட்டின கோயில்மா இது!"

"அன்னிக்கும் கும்பிட்டீங்களா?"

"பின்ன? அப்புறம் மெஷினத் தொட்டு ஒரு தடவை கும்பிட்டேன். கைப்பிடியில." மாமனார் பக்கம் திரும்பி முகமெல்லாம் பல்லாக நின்றான். தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தோம் என்பதுகூட அந்த மண்டைக்கு எட்டவில்லை.

ராவ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அந்த மருந்த மொத்தமா அழிச்சிடுங்கம்மா" என்றார். "எல்லய்யாவ வேலைக்குப் போகச் சொல்லுங்க."

"மாமா, பக்தி தப்பா?"

"யாதகிரிகுட்டா மலைக்கோயிலுக்குப் போப்பா. எத்தனை படி இருக்கோ அத்தனையும் தொட்டுக் கும்பிடு. ஊசி போட்டுக்கிற கொழந்தைங்கள விட்டுடு."

மாப்பிள்ளை முகம் செத்துப்போனது. உடை ஜிப்பை இழுத்தான், அது பாதியில் மாட்டிக்கொண்டது. உதவ யாரும் வரவில்லை. எப்படியோ பிய்த்துக் கழற்றிவிட்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

ஹைமவதி அழுக்குத் தொட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"இதுல போடுங்க சார். துவைச்சு, கிருமி நீக்கினா உடை திரும்ப உள்ள வந்துடும். நீங்க வர வேண்டாம்."

அவளுக்குப் பின்னால் எல்லய்யா, வேலைக்கு உள்ளே போக, கை கழுவத் தொடங்கியிருந்தான்.