காலாட்டாத பொம்மை

இயந்திர வரைபடக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நின்றால் நகம் கடிப்பார், உட்கார்ந்தால் காலாட்டுவார். கல்யாண போட்டோவில்கூட அவர் முழங்கால் மட்டும் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது.

இன்று ஆட்டம் இன்னும் கூடுதல். பதினோரு மணிக்கு முதியோர் இல்லத்து மேட்ரன் வருகிறார். எழ முடியாதவர்களைத் தானே தூக்கி நிறுத்தும் நாற்காலி ஒன்றை இவர் செய்திருக்கிறார்; அதைப் பார்க்கத்தான். பிடித்துப்போனால் இருபது கேட்பார். பிடிக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, மறுபடியும் யாரோ ஒரு முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரில் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. திரையில் எண்பது கிலோ பொம்மை உட்காருகிறது, மோட்டார் திருகுத்தண்டைச் சுற்றுகிறது, இருக்கை எழுகிறது. நடுவில் நிறுத்தினால் திருகின் உராய்வே பிடித்துக்கொள்கிறது. எல்லாம் பச்சை.

"நாப்பத்தோராவது தடவையும் அதேதான் சொல்லப்போகுது," என்றாள் பட்டறையிலும் சரிபாதியான மனைவி. "ஒருவாட்டி நீங்களே உக்காந்து பாருங்களேன்."

உட்கார்ந்தார். பாதி உயரத்தில் நிறுத்தினார். முழங்கால் தன் வேலையைத் தொடங்கியது. இருக்கை இம்மி இம்மியாக இறங்கி, சட்டென்று ஒரு சாண் விழுந்தது.

"ஐயையோ, என்னாச்சு?"

"அதிர்வுல திருகு வழுக்குது. உராய்வுக்கு ஒரே ஒரு நம்பர் குடுத்தேன். ஆட்டினா அது குறையும்னு கம்ப்யூட்டருக்கு யார் சொன்னா? பொம்மைக்குத்தான் காலாட்டத் தெரியாதே!"

"அப்ப நீங்களும் ஆட்டாதீங்க. அரை மணி நேரம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

மேட்ரன் கம்ப்யூட்டர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. "படம் எல்லாரும்தான் காட்டுறாங்க. நீங்க உக்காருங்க சார்."

இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி எழுந்தது, பாதியில் நிறுத்தினார். பாறை மாதிரி நின்றது.

"பரவாயில்லையே," என்று மேட்ரன் பேனாவை எடுத்தார். "எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்குக் கைகால் நடுக்கம். முதல்ல அவங்களுக்குத்தான் இது."

வரைபடக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். இவர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

தொப்பென்று ஒரு சாண்.

மேட்ரன் பேனாவை மூடினார். "தெரிஞ்சேதான் உக்காந்தீங்களா?"

"ஆமா மேடம். காலைலதான் தெரிஞ்சுது. மோட்டாருக்குத் தனியா பிரேக் வைக்கணும். ரெண்டு வாரம் குடுங்க."

"பத்து நாள்."

"பன்னெண்டு."

"பத்து. அன்னிக்கு எங்க பெரியவர் ஒருத்தரையும் கூட்டிட்டு வரேன். டீயில பாதி சட்டைதான் குடிக்கும், அவ்வளவு நடுக்கம். அவர் உக்காந்து எழுந்தா ஆர்டர் எழுதித் தரேன்."

கார் போனதும் மனைவி முறைத்தாள். "அரை மணி நேரம்தானே கேட்டேன்?"

"நான் ஆட்டாம இருந்திருப்பேன். அந்தப் பெரியவரால முடியுமா?"

அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி பிரேக் விற்கிறவனின் நம்பரைத் தேடத் தொடங்கினாள். அவருக்கு இப்போது இரண்டு காலும் ஆடிக்கொண்டிருந்தன.