ஐந்தாம் வீட்டுப் பதில்

சிவக்குமாருக்குத் தலை கிறுகிறுத்தது. தங்கச்சி சிவப்ரியா பட்டென்று பதில் சொன்னதை அவன் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டான். பெங்களூரிலிருந்து போனில் பேசிய மாப்பிள்ளையோ, "ரெண்டு செகண்டு யோசிச்சுத்தாங்க 'பிடிச்சிருக்கு'ன்னாங்க. எதைக் கேட்டாலும் அப்படித்தான். வீட்டுல வற்புறுத்துறீங்களோ?" என்கிறார். நல்ல மனுஷன், அதுதான் வம்பு. ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

போலகம் கிராமத்தில் செல்போன் சிக்னல் எட்டாத அவர்கள் தெருவுக்கு வைஃபை பெட்டி மாட்டியதே சிவக்குமார்தான். ஐந்து வீட்டு மாடியில் ஐந்து பெட்டி. பேச்சு வீடு வீடாகத் தாவிப் போகும். எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடைதான், அதனால் முறை வைத்து ஒவ்வொன்றாகப் பேசும். முதல் முறை யாருக்கு என்று தெருவில் பேச்சு வந்தபோது, "கோயில் மரியாதை எந்த வரிசையோ அதே வரிசை" என்றார் முதல் வீட்டுத் தங்கையன். வெளி லைன் வந்து சேர்வதும் அவர் வீட்டுக்குத்தான். சுற்றுக்கு ஒரு முறை எல்லாருக்கும் கிடைக்கப் போகிறது, வரிசையில் என்ன இருக்கிறது என்று சிவக்குமாரும் தலையாட்டினான். அவன் வீடு வாய்க்கால் ஓரம், தெருவிலும் வரிசையிலும் ஐந்தாவது.

பெட்டிகளைக் கழற்றி மாட்டினான். சிக்னல் முழுசாக இருந்தது. அம்மா மங்கையர்க்கரசியைத் தங்கையன் வீட்டில் நிறுத்தி, மணி பார்த்துப் பேசச் சொன்னான். அங்கிருந்து வரும் பேச்சு டாணென்று வந்தது. இங்கிருந்து போவது மட்டும் தாமதம். அதே பெட்டி, அதே பாதை, இதென்ன கூத்து என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

ஆறாம் நாள் வரிசைப் பட்டியலைக் கீழிருந்து மேலாக விரலால் தொட்டுக்கொண்டு போனான். ஐந்தாம் வீடு பேச்சைக் கொடுக்கும்போது நாலாம் வீட்டு முறை முடிந்திருக்கும். அது அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து மூன்றாம் வீட்டுக்குக் கொடுக்கும். அங்கேயும் அதே கதை, சுற்றுக்கு அரை செகண்டு வீதம் ரெண்டு செகண்டு போய்விடும். மேலிருந்து இறங்கும் பேச்சோ ஒரே சுற்றில் இறங்கிவிடும். அட, எல்லாம் நம்ம கைங்கரியந்தானா என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒரு தடவை மேலேருந்து, ஒரு தடவை கீழேருந்து முறை வைக்கணுங்க" என்று தங்கையனிடம் போய் நின்றான். கடைசி வீடு முதலிலா என்று அவர் முறைத்தார். தங்கச்சி கல்யாண விஷயம் என்றதும் சரியென்றார்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையிடம் எல்லாம் விளக்கினான். அவர் சிரித்துவிட்டார். "அப்ப மறுபடி கேக்குறேன். என்னைப் பிடிச்சிருக்குங்களா?"

சிவப்ரியா பேசவில்லை. மூன்று செகண்டு போனது. சிவக்குமார் பெட்டியை எட்டிப் பார்த்தான், விளக்கெல்லாம் பச்சை. திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வாயே திறக்கவில்லை.

"என்னம்மா?"

"ஒரு வாரமா எல்லாரும் யோசிச்சியா, யோசிச்சியான்னு கேட்டீங்கள்ல அண்ணே. இப்பத்தான் யோசிக்கிறேன்."

போன் அணைக்காமல்தான் இருந்தது. அவள் சொன்னது துளித் தாமதமில்லாமல் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது.