தெற்குச் சுவர்

டிரில் பிட் முதல் அரை அங்குலம் முக்கிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் தடையே இல்லாமல் வழுக்கி உள்ளே விழுந்தது. குப்புராஜ் சுவிட்சை விட்டான். விரல்முட்டியால் வடக்குச் சுவரைத் தட்டினான். காலி டப்பாபோல் சத்தம் வந்தது. ஹாலோ பிளாக் கல். மேலே பளபளவென்று பூச்சு, உள்ளே வெறும் பொந்து.

சுவருக்குக் கீழே கட்டில். கட்டிலில் மஹாலட்சுமி அம்மாள், வாதம் வந்து மூன்று வருஷமாய்ப் படுத்த படுக்கை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதமும் சுவரைப் பார்த்து நீட்டியிருந்தன. அறுபத்தைந்து அங்குல டி.வி. அந்தப் பாதங்களுக்கு நேர் மேலே தொங்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் மகன் டி.வி.யோடு, கைபோல் மடங்கி நீளும் ஸ்டாண்டையும் வாங்கி அனுப்பியிருந்தான். அம்மா படுத்தபடியே பார்க்க, முன்னால் இழுத்துச் சாய்த்துக்கொள்ளலாமாம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் வீட்டுக்காரர் சத்யநாராயணன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, சிட்லபாக்கத்தில் வீடு கட்டி உட்கார்ந்தவர்.

"இந்த சுவரு தாங்காது சார். ஸ்டாண்ட வெளிய இழுத்தா அத்தினி வெயிட்டும் ஓட்டையில சொருகின பிளக்க புடுங்கும். அம்மா கால் மேலதான் வந்து விழும்."

"இப்ப கட்டற வீடெல்லாம் இந்தக் கல்லுதானேப்பா? எவனும் டி.வி. மாட்டலையா?"

குப்புராஜ் எதிர்ப்பக்கம் போய்த் தெற்குச் சுவரைத் தட்டினான். அது வாயே திறக்கவில்லை. "இது பழைய வூட்டு செங்கல் சுவரு சார், அந்தப் பக்கம்தான் அப்புறமா இழுத்துக் கட்டிகீறீங்க. நாலு போல்ட் அடிச்சா நானே தொங்கலாம். கட்டில மட்டும் திருப்பிப் போடணும்."

"திருப்பினா தலை வடக்கே போயிடும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதேம்பாங்க. அவ இருக்கிற நிலைமையில... வேணாம்ப்பா. இங்கயே எப்படியாவது டைட் பண்ணிடுங்க. உங்களுக்குத் தெரியாத வழியா?"

வழி தெரியும். அதுதான் கேடு. பீடி சிகரெட் தொடாதவன் பையில் தீப்பெட்டி ஒன்று எப்போதும் இருந்தது. ஓட்டை பெரிதாகிப் பிளக் ஆடினால், மருந்தைக் கிள்ளிவிட்டு நாலு தீக்குச்சியைச் சொருகி ஸ்குருவை முறுக்கினால் போதும். வீட்டுக்காரர் முன்னால் இழுத்துக் காட்டலாம், அசையாது. குச்சி சுருங்குகிற வரைக்கும் அசையாது.

கை பைக்குள் போகவும் செய்தது. அப்போது மஹாலட்சுமியின் இடது கால் கட்டைவிரல் லேசாக ஆடியது. அவ்வளவுதான் அவளால் ஆட்ட முடியும். ஏதாவது விழுந்தால் இழுத்துக்கொள்ள முடியாத கால்.

கையை வெளியே எடுத்தான்.

"எவனும் மாட்டலையான்னு கேட்டீங்களே சார். நானே மாட்டிகீறேன். போன ஐப்பசியில, பீர்க்கன்கரணையில. இதே கல்லு, இதே மாதிரி ஸ்டாண்டு. அன்னிக்கு இன்னும் ரெண்டு வூடு பாக்கி. ஓட்டையில தீக்குச்சி சொருகிட்டு வந்துட்டேன்."

"விழுந்...துச்சா?" கட்டிலிலிருந்து குழறலாய் வந்தது குரல்.

"இல்லம்மா. இன்னும் தொங்கினுதான் கீது."

"கீழ?"

அந்த வீட்டில் டீ போட்டுக் கொடுத்த வெண்ணிலாவின் முகம் குப்புராஜுக்கு நினைவுக்கு வந்தது. "தூளி கட்டியிருந்தாங்கம்மா. கைக்கொழந்த."

மஹாலட்சுமி புருஷனைப் பார்த்தாள்.

"கட்டிலைத் திருப்புங்க."

"மஹா, வடக்கு..."

"மூணு வருஷமா தெக்கேதான தல வச்சேன். எழுந்து ஓடிட்டேனா?" கோணிய வாய் மூச்சு வாங்கியது. "ரயிலுக்குக் கொடி காட்டின பழக்கம். எமனுக்கும் இவர்தான் காட்டணுமாம்."

சத்யநாராயணன் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைக் குப்புராஜ் பிடித்தான்.

தெற்குச் சுவரில் பிட் அலறியது. செங்கல் தூள் இரத்தச் சிவப்பாய் அவன் முழங்கையில் வழிந்தது. நாலு போல்ட்டையும் முடுக்கி, ஸ்டாண்டை முழுக்க இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கினான். இருபது எண்ணினான். பீர்க்கன்கரணையில் இதைச் செய்யவில்லை.

டி.வி. ஏறியது. வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தவளின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. சத்யநாராயணன் விரலில் திருநீறு எடுத்து வந்து அவள் நெற்றியில் பூசினார்.

அடுத்த வேலை குரோம்பேட்டையில். வாசலில் வண்டியருகே நின்று, இன்று வர முடியாது என்று அங்கே சொல்லிவிட்டு, குப்புராஜ் இன்னொரு எண்ணைத் தேடினான்.

"அக்கா, டி.வி. மாட்டின குப்புராஜ் பேசறேன். தூளிய இப்பவே வேற ரூமுல கட்டுங்க. நான் வந்துகினே கீறேன்."

"ஏங்க, இன்னா ஆச்சு?"

வந்து சொல்கிறேன் என்று நாக்கு வரை வந்தது.

"தப்பா மாட்டிட்டேங்கா. தெரிஞ்சேதான் மாட்டினேன்."

அந்தப் பக்கம் தூளிக் கயிற்றை அவிழ்க்கிற சத்தமும், தூக்கம் கலைந்த பிள்ளையின் அழுகையும் கேட்டன. அழுகை வேறு அறைக்குப் போகும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான்.