பிசகின காசு

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் பொய்; செல்போனுக்குள் எவனோ ஒருத்தன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னால் சத்தியம். நினைத்தாலே பச்சமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் மற்றவர்கள் எக்கேடு கெட்டாலும் அவருக்கென்ன. இப்போது பெண்டாட்டியின் தம்பி கோவிந்தராசுவே அந்தக் கூத்தில் இறங்கிவிட்டான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்குச் சாயம் பூசுகிற சின்னப் பட்டறை அவனுடையது. கோயிலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பிள்ளையார் பொம்மை வாங்கியபோது, சில்லறையோடு சில்லறையாக ஓர் அமெரிக்கக் காசும் வந்து சேர்ந்தது. செம்பு நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. டப்பாவில் சும்மா கிடந்தவரைக்கும் வம்பில்லை. பிறகு அந்த வீடியோ வந்தது. உலகச் சண்டையின்போது, 1943ஆம் வருஷம், தோட்டாவுக்குச் செம்பு வேண்டுமென்று அமெரிக்காவில் ஒரு சென்ட் காசை இரும்பில் அடித்தார்களாம். தவறிப்போய்ச் சில காசுகள் மட்டும் செம்பிலேயே விழுந்துவிட்டனவாம். அதில் ஒன்று பல கோடிக்குப் போயிருக்கிறதாம்.

அன்றிலிருந்து கோவிந்தராசுவின் நடையே மாறிவிட்டது. அவன் மகள் வாசுகிக்கும் பச்சமுத்துவின் மகன் நிலவனுக்கும் தட்டு மாற்ற வேண்டிய பேச்சு இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. நிலவன் சோறு இறங்காமல் சுற்றினான். ரெண்டில் ஒன்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று பச்சமுத்து பட்டறைக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

கோவிந்தராசு பேச்சை எங்கெங்கோ சுற்றி வளைத்தான். காசு விற்றதும் சென்னையில் வீடு பார்க்கப் போவதாகச் சொன்னான். டாக்டர் மாப்பிள்ளை ஒருவரைத் தரகர் சொல்லியிருப்பதாகவும் மெல்ல அவிழ்த்துவிட்டான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. நிலவனுக்கு ஒரு கையில ஆறு வெரலு இருக்குது. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க இல்ல?"

அந்தப் பிள்ளையை இந்தத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அந்த ஆறு விரலும் அன்றைக்கு இவன் மீசையைத்தான் பிடித்துத் தொங்கின. கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் பச்சமுத்து இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டு, அந்தக் காசுக்கு ஏன் அத்தனை விலை என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

கோவிந்தராசுவுக்குக் குஷி வந்துவிட்டது. அடித்தவன் கை பிசகியதால் வந்த விலை அது, அதுமாதிரி ஊர் உலகத்தில் கிடையாது என்று நீட்டி முழக்கினான். சூளையில் பிசகின பொம்மையைக் குப்பையில்தானே கொட்டுகிறோம் என்றார் பச்சமுத்து. பொம்மை வேறு காசு வேறு, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றான் அவன்.

"புரிஞ்சிபோச்சிடா. பெசகுனா வெல ஏறும். என் மவனப் படைச்சவனும் ஒரு வெரலு பெசகிட்டான். ஊருல எல்லாருக்கும் அஞ்சு, இவனுக்குத்தான் ஆறு. காசுக்கே கோடின்னா இவனுக்கு என்னா வெல சொல்றது? ஒனக்குக் கட்டுப்படி ஆவாது. நான் வேற எடம் பாத்துக்கறன்."

மூலையில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த வாசுகி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"வேற எடமெல்லாம் பாக்காதீங்க மாமா. என்னா வெலயா இருந்தாலும் நானே எடுத்துக்கறன்."

சாயம் குழைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கோவிந்தராசு அப்பன் என்ற முறையில் ஒருதரம் முறைத்துப் பார்த்தான். மகள் மறுபடி கண் எழுத உட்கார்ந்துவிட்டாள். வருகிற முகூர்த்தத்திலேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அவன் வாயிலிருந்து வர வெகுநேரம் ஆகவில்லை.

ஆனால் காசை மட்டும் விடுவதாக இல்லை. பூதக்கண்ணாடியோடு கொண்டுவந்து நீட்டினான். வருஷத்தின் கடைசி எண் தேய்ந்து கிடந்தது. மூன்றாக இருந்தால்தான் கோடி.

"மூணுதான மாமா? நல்லாப் பாருங்க."

பச்சமுத்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூன்றுபோலவும் இருந்தது, எட்டுபோலவும் இருந்தது.

"காசும் ஒன்னுது, கண்ணும் ஒன்னுது. மூணோ எட்டோ, எது வேணுமோ அத வெச்சிக்க."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். மூன்றாகவே இருக்கட்டும், ஒத்தைக் காசுக்குக் கோடி கொடுக்கிறவன் அதை எந்தக் கடையில் மாற்றுவான் என்று முணுமுணுத்தபடி ஜங்ஷன் பக்கம் நடந்தார்.