காலிக் காரும் ஐம்பது நிமிஷமும்

எங்கள் மேனேஜருக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'ஐம்பது நிமிஷம்'. தலைமை ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்துக்கு விமானத்தில் அவ்வளவு நேரந்தான் என்று வாய் ஓயாமல் சொல்வார். சாலை வழி முந்நூற்று முப்பது கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அதைச் சொல்லும்போது மட்டும் மூக்கைச் சுளிப்பார், நாங்கள்தான் அந்த நகரத்தைத் தள்ளி வைத்துவிட்டது போல.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டில். எண்ணூறு கட்டிலுக்கான டெண்டர் மதியம் மூன்று மணிக்குள் அந்தத் தலைமை ஆஸ்பத்திரியின் பெட்டியில் விழ வேண்டும். இதுவும் போனால் பட்டறையைப் பூட்டுவதாக முதலாளி சொல்லிவிட்டார். நாற்பது பேர் நடுத்தெருவில்.

கம்பெனியில் ஒரு வழக்கம். மேனேஜர் விமானத்தில் போவார். அங்கே இறங்கியதும் அவர் ஏறிக்கொள்ள, கம்பெனிக் கார் இங்கிருந்து விடியற்காலையிலேயே காலியாகப் புறப்படும். வாடகைக் காரில் ஏறினால் அந்தஸ்து கரைந்துவிடுமாம். கட்டிலைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்ல, இந்தத் தடவை ஃபோர்மேனான நானும் டிரைவரோடு அதில் போவதாக ஏற்பாடு.

முந்தின நாளே கேட்டேன். "சார், டெண்டர் கவரை எங்கிட்டக் குடுங்க. பதினொண்ணுக்கே போட்டுடறேன்."

"முதலாளி கையெழுத்துப் போட்ட கவர்யா. உங்களோட உருண்டுகிட்டா வரும்? ஐம்பது நிமிஷம்!"

மறுநாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினோம். உள்ளே டெண்டர் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. வெறுங்கையோடு அதைக் கடந்து, இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த விமான நிலையத்துக்குப் போனோம்.

போன் வந்தது. "பனிமூட்டமாம். இன்னும் கிளம்பல. கிளம்பிட்டா ஐம்பது நிமிஷந்தான்."

"நாம திரும்பிப் போயி அவரையும் கூட்டியாந்துடலாமாண்ணே?" என்றார் டிரைவர்.

ஒன்றே முக்காலுக்கு மறுபடி போன். "எறங்கிட்டேன்."

"ஓடி வாங்க சார்!"

"பெல்ட்டுல என் பெட்டி வரணும்ல?"

"கவர்?"

"பெட்டிக்குள்ளதான். கையில கவரைத் தூக்கிட்டு அலைய நான் என்ன பியூனா?"

பெட்டி வர நாற்பது நிமிடம். நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. டெண்டர் பெட்டிக்கு அரக்கு வைத்துவிட்டு கிளார்க் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரத்துலேருந்து வர்றீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"ஃப்ளைட்ல ஐம்பது நிமிஷம்," என்றார் எங்களவர், நெஞ்சை நிமிர்த்தி.



திரும்பவும் அவரை விமானத்துக்கே கொண்டுபோய் விட்டோம். இறங்கும்போது கவரை என் மடியில் போட்டார். "இதை நீங்க எடுத்துட்டு வாங்க. பட்டறையில விஷயத்தைப் பக்குவமா சொல்லிடுங்க. எனக்கு அலைச்சல் ஒத்துக்கல."

கவரைப் பின்சீட்டில் எறிந்தேன்.

"இப்பவாச்சும் ஒரு சவாரி கெடச்சுதே அதுக்கு," என்றார் டிரைவர்.

நாற்பது பேரும் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பட்டறையிலேயே காத்திருப்பதாக வெல்டர் சேதி அனுப்பினார். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் பாதி வழி வந்திருப்பேன். போன் அடித்தது.

"நான் வீட்டுக்கே வந்துட்டேன்யா! நீங்க இன்னும் ரோட்லதானா?"